நாற்பதில் பதினோரு பேர்

கொற்றக்குடை நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையே இல்லை என்று அரசர் தம் பிறந்தநாளன்று அறிவித்தார். அறிவித்த பிறகுதான், அது உண்மையா என்று பார்க்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு போனது.

ஆசிரியர்கள் தினமும் ஒன்பது படிவங்கள் நிரப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். படிவம் நிரப்பியதில் பாடம் நின்றது, பிள்ளைகள் தடுமாறினார்கள். உடனே அடுத்த ஆணை வந்தது. வாசிப்புத் தேர்வு பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்துவதால் ஒழிக்கப்படுகிறது. ‘எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும்’ என்று ஆசிரியர் கையெழுத்திட்டால் போதும்.

நாடெங்கும் கையெழுத்திட்டார்கள். ஆலங்கரைப் பள்ளி ஆசிரியை மங்கையர்க்கரசி மட்டும், ‘நாற்பது பேரில் பதினோரு பேருக்கு இன்னும் வரவில்லை. மூன்று மாதம் கொடுங்கள்’ என்று எழுதி அனுப்பினார். படிவங்களை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, அந்தப் பதினோரு பேரையும் தனியே உட்காரவைத்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தார்.

ஐந்தாவது வாரம், அவர்களில் ஒருத்தியான செவ்வந்தி காலிக் குடத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“டீச்சர், சாயப்பட்டறைக் கிணத்துப் பலகையை நானே படிச்சுட்டேன்! குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. எங்க தெருவே அதைத்தான் குடிக்குது!”

தெரு முழுவதும் பட்டறை வாசலில் போய் நின்றது. பட்டறை அரசரின் மைத்துனருடையது.

மறுநாளே கல்வி மேற்பார்வையாளர் தில்லைவிடங்கன் வந்து இறங்கினார்.

“எல்லாருக்கும் படிக்கத் தெரியும்னு அரசரே சொல்லிட்டார். உங்க பதினோரு பேருக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்? ஆசிரியர்னா ஒரு பொறுப்பு வேணும்மா.”

“பொறுப்பு இருக்கிறதாலதான் ஐயா கையெழுத்துப் போடலை.”

“இதோ, வேலைநீக்க ஆணை.”

“என்ன குற்றம்னு எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க. பிள்ளைங்களும் கேட்கட்டும்.”

அவர் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “கண்ணாடி கொண்டு வரலை. நீங்களே படிச்சுக்குங்க.”

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

மங்கையர்க்கரசி கையை நீட்டினார். தாளை வாங்கி, ஒரு சொல் விடாமல், நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்கும்படி படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: “நீங்க எங்க படிச்சீங்க?”

“அரண்மனைப் பள்ளி,” என்றார் அவர், மார்பை நிமிர்த்தி. “எங்க வாத்தியார் போன அரசர் கையால சிறந்த ஆசிரியர் விருது வாங்கினவர்.”

“வாங்கியிருப்பார். உங்களுக்கும் படிக்கத் தெரியும்னு கையெழுத்துப் போட்டிருப்பாரே!” என்றார் மங்கையர்க்கரசி.