இரண்டு ஜோடிக் கைகளும் ஒரு வாயும்

இரண்டு பேர் ஒழுங்காகப் புரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் மனசு பொறுக்காமல், ஒருவர் சொன்னதை மற்றவருக்கு விளக்குவதற்காக நடுவில் வந்து உட்காரும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது அகப்படுவார்.

நான் சொல்லப்போகிறவர் நல்ல மனிதர். இரண்டு மொழி தெரியும். இரண்டிலும் நிறுத்தத்தான் தெரியாது. "ரெண்டு பண்பாட்டுக்கு நடுவுல நான் ஒரு பாலம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பாலம் என்பதே பெயராகிவிட்டது.

மண்பாண்டக் கூடம் ஒன்றில், கண்காட்சிக்காகப் பெரிய ஜாடி செய்ய ஏற்பாடாயிற்று. உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டி உருவம் கொண்டுவருவது உள்ளூர்ப் பானைக்கார அக்கா. அதன்மேல் தன் நாட்டு முறையில் நீலச் சித்திரம் எழுதுவது கடல் கடந்து வந்த ஓவியர். இவர் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி இவருக்குத் தெரியாது. விடுவாரா பாலம்?

"கழுத்தைக் கொஞ்சம் குட்டையாக்கட்டுமான்னு கேளுங்க சார்" என்றார் அக்கா.

பாலம் கேட்டார். கேட்டார் என்றால், மண்ணின் தொன்மையில் தொடங்கி, கழுத்து என்பது இம்மக்களின் தலைநிமிர்வுக்கு அடையாளம் என்பதைத் தொட்டு, அதைக் குறைப்பது எத்தனை பெரிய தியாகம் என்று முடிப்பதற்குள் கால்மணி நேரம் ஓடிவிட்டது. மிரண்டுபோன ஓவியர், கழுத்தைத் தொட வேண்டாம், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எழுதிக்கொள்கிறேன் என்றார்.

பாலம் அக்காவிடம் திரும்பினார். "அவர் என்ன சொல்ல வர்றார்னா, அவங்க மரபுல வெறுமைதான் உச்சம். உங்க ஜாடியில அவருக்கு அந்த வெறுமை தெரியுதாம்."

"ஒண்ணுமே இல்லைங்கிறாரா? அப்ப அவரே தட்டிக்கட்டும்!"

அக்கா பலகையை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாலம் சமாதானம் பேசப் போனார். அதனால் சண்டை முற்றியது. ஈரத்துணிக்குள் ஜாடி காத்திருந்தது. இன்னும் ஒரு நாள் காய்ந்தால் பலகை பட்டதும் விரிசல் விட்டுவிடும். பாலத்துக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யில்லை, நிஜமான வருத்தம்.

மூன்றாம் நாள் காலை அவருக்குக் கன்னம் வீங்கியது. பல்லைப் பிடுங்கிப் பஞ்சை அடைத்த மருத்துவர், நாளை வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியும் கூடத்துக்கு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா கல்லையும் பலகையையும் எடுத்துப்போக வந்திருந்தார். ஓவியர் எழுந்தார். ஜாடியைக் காட்டினார், தன் தோள்களைக் காது வரை தூக்கிக் கழுத்தை உள்ளே இழுத்து, 'இப்படியா?' என்பதுபோல் பார்த்தார். அக்கா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். துணியை விலக்கித் தட்ட ஆரம்பித்தார். ஓவியர் ஈரவிரலால் ஜாடியின் தோளில் ஒரு பறவை வரைந்தார். அக்கா தலையாட்டி மறுத்து, அந்த விரலைப் பிடித்து ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினார். ஆமாம், அங்கேதான்!

பாலத்தின் விளக்கம் பஞ்சு வரை வந்து வந்து திரும்பியது. "சும்மாதானே இருக்கீங்க, இதைப் பிடிங்க சார், காயக் கூடாது" என்று அக்கா துணியின் முனையைக் கையில் திணித்தார். சாயங்காலம் வரை பிடித்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக ஜாடிகளைப் பற்றிப் பேசியவர், ஒரு ஜாடி உருவாவதை அன்றுதான் பார்த்தார். கண் கலங்கியது. பல்வலி என்று நினைத்து யாரும் கேட்கவில்லை.

சூளையிலிருந்து ஜாடி ஒரு கீறல் இல்லாமல் வந்தது. கண்காட்சியில் அதன் முன்னால் நின்று பாலம் நாற்பது நிமிஷம் பேசினார். "அன்னைக்கு நான் வேணும்னுதான் பேசாம இருந்தேன். மௌனமும் ஒரு மொழிபெயர்ப்புதானே?" பின்வரிசையில் அக்காவும் ஓவியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், போன வாரம் நீங்கள் துணைக்குப் போன இடத்தில், மருத்துவர் நோயாளியைப் பார்த்து "எங்க வலிக்குது?" என்று கேட்டபோது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னது யார்?