காட்டுக்குப் போணி

வேண்டாம் என்று சொல்கிறவரைச் சும்மா அனுப்ப எனக்குத் தெரியாது. வளர்ந்த இடம் அப்படி. ஆரணியில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பட்டுப்புடவைக் கடை. காலையில் படியேறும் முதல் ஆள் எதுவும் வாங்காமல் இறங்கிப் போனால், அன்று முழுக்க அப்பாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. ஒரு ஜாக்கெட் துணியையாவது அந்த ஆள் தலையில் கட்டி, அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் போணி. பத்து வயதிலேயே நான் இதில் கைதேர்ந்தவள்.

இப்படிப்பட்டவள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கப் போனேன். (பொருளாதாரத்தின் கெட்ட நேரம்.) தேசியப் பூங்காவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், அந்தக் காட்டைப் பாதுகாக்க எவ்வளவு பணம் தர விரும்புவார்கள் என்பதுதான் என் ஆய்வு. டிக்கெட்டோடு காட்டைக் காப்பதற்கென்று தனிக் கட்டணம் வைத்தால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்க வேண்டும். எல்லாம் கற்பனைக் கணக்கு. ஒரு பைசா வாங்கக்கூடாது. வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்திலும் அதையே அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் போனால் ஆய்வு போச்சு, ஒரு வருஷமும் போச்சு. "ஒண்ணும் தரமாட்டேன்னு சொன்னா சுழின்னு எழுதிட்டு வா. அதுவும் ஒரு பதில்தான்" என்று என் வழிகாட்டி மேடம் மூன்று முறை சொல்லி அனுப்பினார். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

மலை மேல், பூங்கா வாசலில், காலையில் முதலில் வந்து நின்றது ஒரு டூரிஸ்ட் வேன். இறங்கியவர்கள் பேச்சைக் கேட்டதும் எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று. எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள். முன்னால் வந்தவர் கண்ணமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஞானப்பிரகாசம்.

கேள்வியைக் கேட்டேன்.

"ஒரு பைசா தரமாட்டேன்" என்றார். "உள்ள வர்றதுக்குக் குடுத்தாச்சு, வண்டிக்குக் குடுத்தாச்சு, கேமராவுக்கும் குடுத்தாச்சு. இன்னும் இன்னாத்துக்குமா குடுக்கறது? பேஜாரா போச்சு."

சுழி என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் முதல் ஆள். வெறும் சுழியோடு நாளை ஆரம்பிப்பதா? என் வாய் தானாகத் திறந்தது.

"அப்டி சொல்லாதீங்கண்ணா. காலையில மொத ஆளு நீங்க. நானும் ஆரணிதான், கடை வச்சிகினு இருக்கற வூட்டுப் பொண்ணு. ஒரு அம்பதாவது சொல்லி போணி பண்ணிட்டுப் போங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

நான் வாங்கினேன். வாங்கியது மட்டுமா, கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

அதைப் பார்த்த வேன் மொத்தமும் வரிசையில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பஸ் கண்டக்டர் மாதிரி விரலிடுக்கில் நோட்டுகளைச் செருகிக்கொண்டு, "அடுத்து வாங்க, அடுத்து வாங்க" என்று கூவிக்கொண்டிருந்தேன். (இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் யானையும் வந்து நின்றிருக்கும்.) அதற்குள் காவலர் ஒருவர் வந்து, வனச்சரகர் அறைக்கு அழைத்துப் போனார்.

"யாரைக் கேட்டு வசூல் பண்றீங்க?" என்றார் சரகர்.

"இது வசூல் இல்ல சார், கற்பனை."

அவர் என் விரல்களைப் பார்த்தார். "கற்பனை மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

அனுமதிக் கடிதத்தை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தார். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பச் சொன்னார். அழுதுகொண்டே போய் ஞானப்பிரகாசத்திடம் ஐம்பதை நீட்டினேன்.

"போணி பண்ண காசை எவனாவது திருப்பி வாங்குவானா? நானும் கடைக்காரன்தாமா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் வாங்கவில்லை. அத்தனை பேரும் சரகர் அறைக்குள் நுழைந்தார்கள். "சார், காட்டுக்குன்னு குடுத்துட்டோம். காடே வச்சிக்கட்டும். ஜல்தியா ஒரு ரசீது போடுங்க, சஃபாரி வண்டி வந்துடும். பொண்ணை வுட்ருங்க" என்றார் ஞானப்பிரகாசம்.

சரகர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நன்கொடை ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டினார். கடிதம் என் கைக்குத் திரும்பி வந்தது. "இனிமே கையில பேனா மட்டும்தான் இருக்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் ஞானப்பிரகாசம் என் படிவத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா, அம்பதுன்னு எழுதிகிற? அடிச்சிட்டு சுழி போடு."

"குடுத்தீங்களேண்ணா?"

"அது நானா குடுத்தது. டிக்கெட்ல சேத்துப் புடுங்கினா தரமாட்டேன். நீ அத்தத்தானே கேட்ட?"

அதைத்தான் கேட்டேன். அடித்துவிட்டுச் சுழி போட்டேன். மற்ற படிவங்களைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆய்வு முடிந்தது, பட்டமும் கிடைத்தது. இன்று வேலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன் என்றால், அன்று அந்த மனிதர் பின்னால் கட்டிக்கொண்ட கைதான் காரணம். அவரை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நான் ஊர் திரும்புவதற்கு முன்பே கதை ஆரணிக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த வருஷத் தீபாவளிக்கு ஞானப்பிரகாசமும் குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வந்தார். பேரம் பேசி முடித்தபின், "அந்த அம்பதைக் கழிச்சிக்குங்க" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே கழித்தார். அடுத்த தீபாவளிக்கும் வந்தார், அப்பாவும் கழித்தார். "ஒரே அம்பதை எத்தினி வாட்டிதான்யா கழிக்கறது?" என்று அப்பா ஒருமுறை முனகியதற்கு, "உங்க பொண்ணு படிச்ச படிப்பாச்சே, கழிங்க" என்றாள் அம்மா.

தீபாவளி லீவுக்கு வந்தால் நானும் கடையில் நிற்பேன்; இப்போதெல்லாம் அவருக்குப் பில் போடுவது நான்தான். புடவையை மடித்துப் பையில் போடும்வரை காத்திருந்து, வருஷம் தவறாமல் கேட்பார்:

"இன்னாமா, காடு நல்லாகீதா?"

"நல்லாகீதுண்ணா."

"அப்ப அம்பது கழி."