புறாக் கரையும் கல்கத்தா ஆபீஸும்

மயிலாப்பூர்
20-11-1996

கல்கத்தாவில் இருக்கும் அத்திம்பேருக்கு மைத்துனன் அனந்தராமன் நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. என் முட்டி வலி நீங்கலாக இங்கே சகலரும் சௌக்கியம். தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

விஷயம் என்னவென்றால், மாளவிகா ஒரு புடவைக் கரை வரைந்தாள். தெப்பக்குளத்துப் படிக்கட்டு, படிக்கு ஒரு புறா, அதில் ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு. பெண் மாசக்கணக்காய்க் கட்டம் கட்டமாய் வரைந்ததாயிற்றே என்று நானே தி.நகரில் சுயம்புலிங்கம் என்பவரின் ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனேன். காபி வரவழைத்தார், படத்தை ரெண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்றார், அப்புறம் "புறா விக்காது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, போகட்டும் என்று விட்டோம். போன வாரம் வடபழனியில் ஒரு கல்யாணம். பிள்ளையாத்துப் பொம்மனாட்டிகள் பாதிப் பேர் புறாக் கரையில் வந்து நிக்கறா, முதுகு காட்டற புறா உள்பட. "நீ ஒண்ணு வாங்கிக்கலையாடி, தி.நகர்ல இதான் இப்போ ஓடறது"ன்னு ஒரு மாமி மாளவிகாவையே கேக்கறா. குழந்தை பந்தியில உக்காராமலே ஆட்டோ பிடிச்சு ஆத்துக்கு வந்துட்டா.

மறுநாள் கடைக்குப் போனேன். "புறா என்ன உங்க வீட்டுதா சார்? எல்லாக் கோயில்லயும் கெடக்குல்லா" என்றார் சுயம்புலிங்கம். "ஒண்ணு முதுகு காட்டறதே, அது?" என்றேன். "அதுக்கு என்ன கோவமோ" என்று இன்னொரு காபி சொன்னார். அங்கேர்ந்து லஸ்ல வக்கீல் ராகவேந்திரன்கிட்ட போனேன். "டிசைனை முன்னாடியே கல்கத்தாவுல பதிவு பண்ணியிருக்கணும். பண்ணாம, உங்க சம்மதத்தோட அம்பது தடவைக்கு மேல துணியில வந்துட்டா காபிரைட்டும் போயிடும். சம்மதிச்சேளா?"ன்னார். "இல்லை, காபி சாப்பிட்டேன்"னேன். "அதைத்தான் கடைக்காரன் சம்மதம்பான்"னார். கேஸ் போட்டா? "போடலாம். தீர்ப்பு வரச்சே அந்தப் புடவையெல்லாம் தரை துடைக்கப் போயிருக்கும்."

மாளவிகா இப்போ வரையறதே இல்லை. பாங்க் பரீட்சைப் புஸ்தகத்துல ஒரே பக்கத்தைப் பார்த்துண்டு உக்காந்திருக்கா. விசாலாக்ஷி என்னோட பேசறதில்லை, கடைக்கு அழைச்சிண்டு போன ஆம்படையான் நான்தானே. அந்தப் பதிவு ஆபீஸ் உங்க ஊர்லதான் இருக்காம். ஒரு நடை போய் என்ன பண்ணணும்னு விசாரிச்சு எழுதுங்கோ. இனிமே வரையறதையாவது காப்பாத்தலாம். வரைவாளான்னுதான் தெரியலை. அலுத்துப் போச்சு அத்திம்பேர்.

அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். ஷ்ரவணுக்கு ஆசீர்வாதம், குளிருக்கு முன்னால் ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அனந்தராமன்

பி.கு.: ஆபீஸுக்குப் போக வேண்டாம். மாளவிகா காலையில் தானே போய்ப் பேசி, சுயம்புலிங்கம் கடையிலேயே டிசைன் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், இப்போதுதான் வந்து சொல்கிறாள். இனி வரைவதெல்லாம் கடைக்கே சொந்தம், பதிவும் அவர்களே பண்ணிக்கொள்வார்களாம். முதல் வேலை, எதிர்க்கடையில் என்ன கரை ஓடுகிறது என்று பார்த்து வரைந்துகொண்டு வருவது. தனியாகப் போனால் சந்தேகப்படுவார்கள், துணைக்கு நானும் வர வேண்டுமாம்.