கோட்டு மாட்டிய குரல்

புதுச்சேரியில் எத்தனையோ வீராதி வீரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் போனில் குரலைப் பதிவுசெய்து அனுப்புவதற்கு, கோட்டு மாட்டி, மெடல் குத்தி, பூட்ஸ் துடைத்து வந்த மனிதர் எங்கள் சொல்தா சித்தப்பா ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரை எங்கள் ஊரில் சொல்தா என்போம்.

அவருடைய மகன் வழிப் பேத்தி பாரீசில் படித்தாள். சனிக்கிழமைதோறும் அவளுக்குப் பேசி அனுப்ப, தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் லேத் பட்டறைக்குத்தான் வருவார். குடும்பத்திலேயே ஒசத்தியான போன் என்னுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துடைப்பம் பிடித்துச் சேர்ந்த பட்டறையையே பிற்பாடு விலைக்கு வாங்கியவன். சும்மா இல்லை.

"மொகமே தெரியாது சித்தப்பா, இந்த வெயில்ல எதுக்குக் கோட்டு?"

"கொரல்ல தெரியும்டா. லுங்கி கட்டிகினு பேசினா, லுங்கி மாதிரியே போய்ச் சேரும்."

விறைப்பாக நிமிர்ந்து, "பொன்ழூர் பாப்பா!" என்று பிரெஞ்சு வணக்கத்தை அணிவகுப்பில் கத்துவதுபோல் கத்துவார். பின்னால் லேத் கிர்ரென்று ஓடும்.

"நிறுத்துடா அந்த எழவ!"

"அது நின்னா என் பொழப்பு நின்னுடும் சித்தப்பா."

வாராவாரம் இதே சண்டை.

ஒரு சனிக்கிழமை கரண்ட் போனது. சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். மீசையை நீவிக்கொண்டு நிதானமாகப் பேசி அனுப்பினார். டீ ஆறுவதற்குள் பாப்பா கூப்பிட்டாள். ஒரே அழுகை.

"தாத்தா, மிஷின் சத்தம் எங்க? எந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க?"

பாலைவனத்தில் சண்டை போட்டதாகச் சொல்லிக்கொண்ட மனிதர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "கரண்ட்டுதான் பாப்பா போச்சு. நான் போவல."

அன்று முதல் வாசலில் கால் வைக்கும்போதே, "மிஷினப் போடுடா!"

பிறகு நிஜமாகவே நெஞ்சுவலி வந்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கட்கிழமை பாப்பாவுக்குக் கடைசிப் பரீட்சை.

"சத்தம் இல்லன்னா பரீட்சைய உட்டுட்டு ஓடியாந்துடும்டா. உன் லேத்த இங்க எட்த்துகினு வா" என்றார். நாலு பேர் சேர்ந்தாலும் அசையாத லேத்தை!

என் மகனின் போனில் லேத் சத்தத்தைப் பிடித்துவந்து தலைமாட்டில் ஓடவிட்டேன். ஆஸ்பத்திரி உடுப்பின்மேல் கோட்டு. மெடலை நான் குத்திவிட்டேன்.

"பொன்ழூர் பாப்பா!"

நர்ஸம்மா ஓடிவந்தார். "இன்னாய்யா இது, வார்டா, மாவு மிஷினா?"

நல்லவேளை, அதற்குள் அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. "மிஷின் நல்லா ஓடிச்சு தாத்தா. நானும் நல்லா எழுதிட்டேன்." அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

சித்தப்பா காலமாகி மூன்று மழைக்காலம் ஆகிறது. பட்டறையில் என் மகன் கம்ப்யூட்டர் மிஷின் இறக்கிவிட்டான். அந்தப் பழைய லேத்தை மட்டும் விற்க நான் விடவில்லை. ராசியான மிஷின் என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை நான் பாப்பாவுக்குப் பேசி அனுப்பும்போது அதைத்தான் ஓடவிடுகிறேன். சித்தப்பாவின் கோட்டையும் மாட்டிக்கொள்கிறேன். தோள்தான் எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.