அடாப்டர் மாறிய படலம்

வாழி! துடைப்பமே வேலாக, ஈரத்துணியே கேடயமாக, தூசியென்னும் மாப்பகையை முப்பது ஆண்டுகள் புறமுதுகிடச் செய்த இல்லத்தரசி வாழி! அவள் புகழைப் பாடுமுன், தையல் மெஷின் பழுதுபார்க்கும் அவள் கணவர் ஒரு வியாழக்கிழமை காலையில் செய்ததைச் சொல்லியாக வேண்டும். கூடத்து மூலையில் குந்தி உட்கார்ந்து, இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் வயரில் சிவப்பு நூலொன்றைக் கட்டி, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினார் அவர். எந்த வயர் எங்கே போகிறது என்பதற்கு வீடு முழுக்க இப்படி நூல் அடையாளம் வைப்பது அவர் தொழில் தந்த பழக்கம்.

"டீ ஆறுது, வாங்க" என்றாள் அவள்.

அன்று மதியம் கடையில் சரிந்தவர் வீடு திரும்பவில்லை.

பதினெட்டாம் நாள், துக்கம் கேட்க வருவோர் ஓய்ந்ததும், வீராங்கனை கத்தரிக்கோலும் ஈரத்துணியுமாகக் கூடத்து மூலைமீது படையெடுத்தாள். கேபிள்கள் பிடுங்கப்பட்டன, பிளக்குகள் பெயர்க்கப்பட்டன, வயர்களில் தொங்கிய நூல்களெல்லாம் ஒட்டடையின் ஒன்றுவிட்ட தம்பிமார் எனக் கருதப்பட்டுத் தலை கொய்யப்பட்டன. சிவப்பு வீழ்ந்தது, நீலம் வீழ்ந்தது, மஞ்சள் மன்றாடியும் வீழ்ந்தது. வெற்றிக் களிப்பில், அவருடைய ரத்த அழுத்தக் கருவியைப் பையிலிட்டு, அதன் அடாப்டர் என்று எண்ணிய ஒன்றையும் உள்ளே திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, இனித் திறப்பதில்லை என்று பீரோவின் மேல் ஏற்றினாள்.

மறுநாள் பத்தேகாலுக்குப் போர்முரசு முழங்கியது.

"அம்மா! நெட் இல்ல!"

பதினொரு மணிக்கு மகளுக்கு மேசைக் கம்ப்யூட்டர் வழியே வேலைக்கான நேர்காணல். அப்பா போனபின் அவள் தலைவாரி உட்கார்ந்தது அதற்கு மட்டும்தான்.

பெட்டியோ, பசிமயக்கத்தில் சிம்மாசனமேறிய சிற்றரசனைப்போல் பச்சைக்கண் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது, மறுபடி மூடியது. மாடிவீட்டிலிருந்து கொழுந்தனார் இறங்கி வந்தார்; கைலியை மடித்துக்கட்டி, மலைபெயர்க்கும் தோள்களைக் குலுக்கி முழங்கினார்:

"நகருங்க அண்ணி. இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

பெட்டியைத் தட்டினார்; தலைகீழாக்கினார்; அதன் பின்புறத்து ஐந்து ஓட்டைகளிலும், ஊழிக்காற்றே கன்னத்தில் குடிபுகுந்தாற்போல், ஒன்றன்பின் ஒன்றாக ஊதினார்.

"சித்தப்பா, ஊதி அணைக்க அது என்ன மெழுகுவத்தியா?"

பத்தே முக்கால். அப்போதுதான் வீராங்கனை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எறும்பின் காலடிபோன்ற எழுத்துகளைப் படித்தாள். பெட்டியின் அடியில் பன்னிரண்டு வோல்ட். அடாப்டரில் ஆறு.

"அது பன்னெண்டு கேக்குது. நான் ஆறைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

"அந்தப் பன்னெண்டு எங்க அண்ணி?"

அவள் பீரோவின் உச்சியைப் பார்த்தாள். எழுகடல் தாண்டலாம், எரிமலை விழுங்கலாம், அந்த ஜிப்பைத் திறப்பதோ வேறு. ஸ்டூல் வந்தது. ஏறினாள். உள்ளே ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டை அவர் கையின் அளவுக்கே வளைந்து கிடந்தது. அதை ஒருமுறை தொட்டுவிட்டு, அடியில் கிடந்த அடாப்டரை உருவிக்கொண்டு, பகைவனின் கொடியைப் பறித்தவள்போல் இறங்கினாள்.

சொருகியதும் பச்சை நிலைத்து ஒளிர்ந்தது. ஆயினும் போர் முடியவில்லை! நூலிழந்த கம்ப்யூட்டர் கேபிள், தன் ஊர் மறந்த ஓலைத்தூதனாய் நின்றது. மூன்றாவது ஓட்டையில் சொருகினார்கள், விளக்கு எரியவில்லை.

"இது செத்துக் கிடக்கு, அண்ணி."

"அப்ப பக்கத்துல சொருகுங்க, பேசாம!"

நான்காவதில் விளக்கு துள்ளியது. பத்து ஐம்பத்தெட்டு! மகளின் அறைக்கதவு சாத்தப்பட்டது. வெளியே அண்ணியும் கொழுந்தனும் மூச்சடக்கி நிற்க, உள்ளே யாரோ கேட்ட எதற்கோ மகள் சிரித்தாள், பத்தொன்பது நாளில் முதல்முறையாக. அச்சிரிப்பைக் கேட்டுத் திசையானைகள் பிளிற, விண்ணோர் பூமாரி பொழிய, மறுவாரமே வேலையும் உறுதியாக, வெற்றிக்கொடி அந்தக் கூடத்து மூலையில் விண்முட்ட எழுந்தது.

மூன்றாவது ஓட்டை இன்னும் வேலை செய்யவில்லை.