கோவிச்சுப் போக ஒரு வேன்

மனைவி றபீக்காவோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டே போவதென்று முடிவெடுத்தேன். போவதற்குத்தான் இடமில்லை. இப்படியொரு அநியாயம் கல்முனையில் வேறெவனுக்கும் நடந்திருக்காது.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு அவள் வீட்டுக்குக் குடிவருகிறவன். சண்டை முற்றினால் அதே பெட்டியோடு உம்மா வீட்டுக்குப் போவான். இரண்டு நாளில் மனைவி ஆளனுப்புவாள். கௌரவமான ஏற்பாடு. ஆனால் என் உம்மா வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது. வாசலில் என்னைக் கண்டதுமே தங்கச்சி புருசன், "எப்ப மச்சான் திரும்புவீங்க?" என்கிறான்.

ஆகவே வேன் வாங்கினேன். அப்போது எண்பத்தோராம் ஆண்டு. கடல் அலையில் பலகை ஏறி விளையாடப் பொத்துவிலுக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன கிழட்டு வேன். உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. முழு வீடு. என் பெயரில்.

"இனிச் சண்டை வந்தா இதுக்குள்ளதான் என்ட சீவியம்," என்றேன்.

"நல்லது. டயரப் பாத்தீங்களா?"

பார்த்தேன். நான்கும் மொட்டை. உடனே ஒரு காரிலிருந்து கழற்றிய டயர்களைப் போட்டேன். ஓரத்தில் வெள்ளை வளையம், மாப்பிள்ளைக் களை. ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்றைக்கே சண்டை பிடித்தேன். காரணம் ஞாபகமில்லை, அவசரம்தான் ஞாபகம்.

தெரு முடக்கில் பின் டயர் வெடித்தது. அடுத்த வீட்டு ஜுனைதா கேட்டுக்கு வந்தாள்.

"என்ன மச்சான், கோவிச்சிப் போறீங்களா, திரும்பி வாறீங்களா?"

வேனுக்குள் போய்க் கட்டிலில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் றபீக்கா தேத்தண்ணியோடு வந்தாள். மானம் போன இடத்தில் தேத்தண்ணி குடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? குடித்தேன்.

டயர்க்கடைக் குணத்திடம் இருவரும் போனோம். அவன் வெடித்த டயரைப் பிரட்டிப் பார்த்தான்.

"காக்கா, இது காருக்குப் போடுற டயர். உங்கட வேன் ஒரு வீட்டையே சுமக்குது. ரிம்முக்கு மட்டும் சரியா இருந்தாக் காணாது, பாரத்துக்கும் சரியா இருக்கோணும். எட்டடுக்குப் பலமுள்ள எட்டு ப்ளை டயர் போடுங்க."

"வடிவா இருக்குமா?"

"வெடியாம இருக்கும்."

றபீக்கா ஒரேயொரு கேள்வி கேட்டாள். "எட்டு ப்ளை எண்டா எத்தின பேரத் தாங்கும்?"

"அடுப்பும் தண்ணியும் போக, இன்னும் ஏழெட்டுப் பேர் ஏறலாம் தங்கச்சி."

அந்த இடத்தில் நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். வெள்ளை வளையம் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொழும்புக்கு லொறி ஓட்டும் தன் தம்பி மர்சூக்கிடம் சொல்லி, டயர்களை அவளே எடுப்பித்தாள். புருசன் விட்டுப்போவதற்குப் பெண்சாதி டயர் எடுத்துக் கொடுப்பதை எங்கே கண்டிருக்கிறீர்கள்?

"என்ட மனிசன் கோவிச்சிப் போற வண்டி நடுவழியில நிக்கப்படாது," என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு.

பிறகு பொத்துவிலில் இருக்கும் தன் அக்காவை நினைத்து மெல்லக் கேட்டாள். "பொத்துவில் ராத்தாவப் பாத்துக் கனகாலம். ஒருக்காப் போவமா?"

"இது ஊர் சுத்துற வண்டியில்ல புள்ள. நான் கோவிச்சாத்தான் எழும்பும்."

"ஓம், சரி," என்றாள்.

அதற்குப்பின் சண்டைக்கே வழியில்லை. எதற்கும் ஓம், ஆக்குவதெல்லாம் ருசி. புது டயர் வாசலில் தூங்கியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பாரை மீன் ஆணம். குழம்பில் ஒரு வாய் வைத்தேன். உப்பளத்தையே கரைத்து ஊற்றியிருந்தாள்.

சந்தோசத்தை மறைத்துக்கொண்டு எழும்பினேன். "நான் போறன்."

"ஓம்," என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேன் கதவைத் திறந்தேன். கட்டிலில் றபீக்காவின் உம்மா, என் மாமி. அவரைச் சுற்றி என் பிள்ளைகள் நான்கும். பாய், தலையணை, பலகாரப் பெட்டி. முன் சீற்றில் ஜுனைதா.

"மெதுவா ஓட்டுங்க மச்சான், எனக்குத் தலை சுத்தும்," என்றாள் அவள்.

பின்னால் றபீக்கா ஒரு சட்டியோடு வந்து ஏறினாள்.

"எங்க எல்லாரும்?"

"நீங்க போற இடத்துக்குத்தான்."

"நான் உன்னோட கோவிச்சுப் போறன் புள்ள."

"ஓம், போங்க. ஆரு மறிச்ச? பொத்துவில் பக்கமாக் கோவிச்சுப் போங்க. ராத்தா பாத்துக்கொண்டிரிக்கா."

"அவவுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநாளே சொல்லியனுப்பினன்."

"எனக்குக் கோவம் வந்ததே இப்பத்தானே?"

அவள் மடியிலிருந்த சட்டியைத் திறந்தாள். அதே பாரை மீன் ஆணம்.

"வெறும் வயித்தோட ஓட்டாதீங்க. இந்தாங்க, இது நமக்கெண்டு வேறயா ஆக்கின."

சாப்பிட்டேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.