முன்கதையர்

மனிதரில் முன்கதையர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்று தொடங்கினால் அவரேதான். கதைக்கு ஆரம்பம் என்று ஒன்று இருப்பதையே இவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆரம்பத்துக்கு முன்னால் நடந்ததை யார் சொல்வது?

நம்மவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே ஒருவர் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்க, இவர் வெளியே கருவிப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இந்த மோட்டாரை வாங்கியது யார், அன்றே தான் வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டது, கேட்காத அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்றெல்லாம் காவலாளிக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

"யோவ், முதல்ல கதவைத் திறய்யா!"

"திறக்கறேன் சார். ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்காம வெளிய வந்து என்ன பண்ணப் போறீங்க?"

இப்படிப்பட்டவருக்கு மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைப் பைத்தியமும் பிடித்தால் கேட்க வேண்டுமா? அவரைப் பிடித்து ஆட்டியது கிரேக்கப் புராணத்தைத் தழுவிய ஒரு நீண்ட கதை. ஒரு தீவுக்கு அடியில், நுழைந்தவர் மீளாத சுற்றுவழி. அதற்குள் காளைத்தலையன் ஒருவன். அவனைக் கொல்ல வாளோடு இறங்கும் இளைஞன். மொத்தம் இருபத்திரண்டு தொகுதி. கடைசித் தொகுதியில், ஓங்கிய வாளோடு நிற்கும்போதுதான் தெரிகிறது, எதிரே இருப்பவன் கூடப்பிறந்த அண்ணன் என்று. அதைப் படித்த அன்று நம்மவர் வேலைக்கே போகவில்லை. பின்னாளில் அந்தச் சகோதரர்களின் பிள்ளைப்பருவத்தைச் சொல்லும் முன்கதையும் தனிப் புத்தகமாக வந்தது. நம்மவருக்குச் சொர்க்கமே இறங்கி வந்த மாதிரி.

வீட்டு அம்மாளுக்கோ எல்லாம் பொம்மைப் புத்தகம். அவற்றை அடுக்கிய அலமாரி இருக்கும் மூலையில் தையல் மெஷின் போட வேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆசை. கால் சுளுக்கிப் படுத்திருந்தபோது, பொழுது போகாமல், அவரே வாய்விட்டுக் கேட்டார்.

"ஏங்க, அதுல முதல் புத்தகத்தைக் குடுங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன். பிடிச்சா அலமாரி அங்கேயே இருக்கட்டும். பிடிக்கலையா, மெஷின் வந்துடும்."

நம்மவர் அலமாரிக்கு ஓடினார். ஓங்கிய அந்த வாளைப் பற்றிப் பேச வீட்டில் ஒரு ஜீவன் இல்லாமல் எத்தனை வருடத் தவிப்பு! முதல் தொகுதியை எடுத்தார். துடைத்தார். நீட்டினார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"இரும்மா. இதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு இருக்கு. அதைப் படிச்சாதான் இது புரியும்."

"ஒண்ணாம் நம்பர் இதுலதானே போட்டிருக்கு?"

"அது வரைஞ்ச வரிசை. நடந்த வரிசை வேற."

முன்கதை கைமாறியது. அம்மாள் நாம் எல்லோரும் திறக்கிற பக்கமாகத் திறந்தார்.

"அப்படியில்ல, பின்னாலேருந்து திறக்கணும். ஜப்பான்காரங்க வழக்கம்."

"முன்னாடி நடந்ததைப் பின்னாடியிருந்து படிக்கணுமாக்கும். நல்லா இருக்கு!"

மூன்றாவது பக்கத்தில் ஓர் அரசி இரண்டு தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரிய தொட்டிலிலிருந்து குட்டிக் கொம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அம்மாள் அதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த முதல் தொகுதியின் அட்டையைப் பார்த்தார். அதில் காளைத்தலையனும் வாள்காரனும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணன்னு தெரியாம தம்பி வெட்டப் போறான். கடைசியில தெரிஞ்சுடும். அவ்வளவுதானே?"

நம்மவர் முதல் தொகுதியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுக்கா இருபத்திரண்டு புத்தகம்?"

பிறந்ததிலிருந்து முதன்முறையாக நம்மவருக்குச் சொல்ல "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" எதுவும் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு தொகுதி கட்டிக் காத்த ரகசியத்தை, மூன்றே பக்கத்தில், சொந்தக் கையால் போட்டு உடைத்திருந்தார்.

"போய் ஒரு அட்டைப்பெட்டி எடுத்துட்டு வாங்க. இன்னிக்கே அடுக்கிடலாம்."

போனார். பெட்டியோடு திரும்பினார். அறை வாசலில் நின்றார்.

"இந்தப் பெட்டி இருக்கே, இது நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னா…"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இதை இன்று யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். நேராகச் சொல்லிவிடுவீர்களா, இல்லை, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார், அதை முதல்ல சொல்லிடறேன்" என்று தொடங்குவீர்களா? எதற்கும் கேட்பவர் முகத்தில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.